வலிக்குச் சாட்சி

ஆரம்ப சுகாதார நிலையத்தில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களில் ஒருவர் போன மாதம் என்னிடம் கேட்டார்: "மேடம், ரத்தம் பார்த்தாச்சு, எக்ஸ்ரே எடுத்தாச்சு, ஒன்றுமே இல்லை. ஆனாலும் வாராவாரம் இடுப்பு வலி என்று வந்து உட்காருகிறார்கள். இவர்களை என்னதான் செய்வது?" அவர் முகத்தில் இருந்த அலுப்பைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவருக்குக் கோபம் வந்திருக்கும். தம்பி, நான் உங்களைப் பார்த்துச் சிரிக்கவில்லை. அதே அலுப்போடு ஜவ்வாது மலையில் ஒரு மர மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த ஒரு பெண்ணை நினைத்துச் சிரித்தேன். அன்றைக்குப் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதால் பதில் சொல்லாமல் கிளம்பிவிட்டேன். இப்போது சாவகாசமாகச் சொல்கிறேன்.

எண்பதுகளின் தொடக்கம். என்னை ஜவ்வாது மலையிலிருக்கும் ஜமுனாமரத்தூருக்கு டாக்டராகப் போட்டார்கள். மலைக்குப் போடுவது என்றால் அப்போதெல்லாம் தண்டனை என்றே அர்த்தம். "நீ யாரை எதிர்த்துப் பேசினே?" என்று வீட்டில் எல்லோரும் விசாரித்தார்கள். நான் யாரையும் எதிர்த்துப் பேசவில்லை. என் வாய் கொஞ்சம் நீளம்தான், அதை மறுக்கமாட்டேன். ஆனால் அதற்காக யாரும் மலையேற்றவில்லை. காலியிடம் அங்கேதான் இருந்தது, அவ்வளவுதான்.

காய்ச்சல், பேதி, பாம்புக்கடி, பிரசவம் எல்லாவற்றுக்கும் தயாராகத்தான் மலையேறினேன். சந்தை நாளில் வந்த கூட்டமோ வேறு ஒன்றைச் சொன்னது. சாமையும் புளியும் தேனும் விற்க வந்தவர்கள் விற்ற கையோடு எங்கள் வாசலுக்கு வருவார்கள். "நோவுதும்மா." எங்கே நோகிறது? இடுப்பு, கழுத்து, முட்டி. எத்தனை நாளாக? அதற்கு நேரான பதில் வராது. சுமை தூக்கியதில் பிடித்தது, பிள்ளை பிறந்ததில் பிடித்தது, புளிமரத்திலிருந்து விழுந்ததில் பிடித்தது என்பார்கள். எல்லோருக்கும் ஊசி வேண்டும். போடாவிட்டால் என்னை ஒரு மாதிரி பார்ப்பார்கள். கொஞ்ச நாளிலேயே எனக்கு "ஊசி போடாத டாக்டரம்மா" என்று பெயர் வந்துவிட்டது. அதைப் பட்டம் என்று நினைத்துக்கொள்ள எனக்குப் பல மாதம் ஆனது.

எனக்கு முன்பு அங்கே நெடுங்காலம் வேலை பார்த்த ஒரு பெரிய டாக்டர் அப்போது மலைக்குக் கீழே செங்கத்தில் இருந்தார். பெயர் வேண்டாம். போட்டால் மேலுலகத்திலிருந்து இறங்கி வந்து சண்டை போடுவார். நாட்பட்ட வலி என்பதை அவர் விடாமல் துரத்திக்கொண்டிருந்தார். எங்கள் பாடப் புத்தகங்களில் அதற்கு ஓர் இடமே கிடையாது. வலி என்றால் வேறு ஏதோ ஒரு நோயின் அறிகுறி. அந்த நோய் கிடைக்காவிட்டால் "மனசு சரியில்லை" என்று எழுதிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிடுவோம். அவருக்கு அது பொறுக்காது. விடுமுறை கிடைத்தால் மலைக்கு பஸ் பிடித்து வந்துவிடுவார். வந்ததும் முதல் வேலையாக என்னைத் திட்டுவார், பிறகுதான் நலம் விசாரிப்பார்.

"எவ்வளவு வலிக்குதுன்னு கேக்காதே" என்பார். "அளவு அவங்களுக்கும் தெரியாது, சொன்னாலும் உனக்குப் புரியாது. நேத்து இன்னா வேலை செஞ்சே, எப்படிச் செஞ்சேன்னு கேளு. முடிஞ்சா வூட்டுக்குப் போய்ப் பாரு." இன்னொன்றும் சொல்வார். நோயாளி உள்ளே வரும்போது டாக்டருக்காக நடக்கிறார், வெளியே போகும்போதுதான் தனக்காக நடக்கிறார், ஆகவே போகும்போது பார் என்பார். இதை நான் அப்படியே பிடித்துக்கொண்டேன். நீங்களும் பிடித்துக்கொள்ளுங்கள்.

இந்தச் சமயத்தில்தான் காசியம்மா வந்தாள். பஸ் போகாத ஒரு மலையூர். புருஷன் வேடியப்பன் கூடவே வந்திருந்தான். இரண்டு பிள்ளைகள், சின்னது இன்னும் இடுப்பை விட்டு இறங்காத வயசு. அது பிறந்ததிலிருந்து இடுப்பு நோவு. "படுத்தா எழ முடியல, எழுந்தா குனிய முடியலீங்க" என்றாள். முதுகைத் திருப்பிக் காட்டினாள். இடுப்புக்கு மேலே இரண்டு பக்கமும் சூடு போட்ட தழும்பு. தீராத நோவுக்குப் பழுக்கக் காய்ச்சிய இரும்பால் சூடு இழுப்பது அங்கே வழக்கம். பழைய தழும்பின் மேல் புதிய தழும்பும் இருந்தது. ஒரு முறை சூடு பட்டவள் இன்னொரு முறையும் தானாகப் போய் முதுகைக் காட்டியிருக்கிறாள்.

என் பயம் முதுகெலும்பில் காசநோய் இருக்குமோ என்பது. அந்த நாளில் அது நிறைய. கீழே ஓர் ஆஸ்பத்திரிக்கு அனுப்பி எக்ஸ்ரே எடுத்து வரச் சொன்னேன். வேடியப்பன் அவளைப் பத்திரமாகக் கூட்டிப் போய்க் கூட்டி வந்தான். அங்கிருந்த டாக்டர் படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, "ஒண்ணும் இல்ல, போ" என்று சொல்லி அனுப்பியிருந்தார். நானும் பார்த்தேன். எலும்பு சுத்தமாக இருந்தது. எனக்கு உண்மையிலேயே சந்தோஷம். இவளுக்குக் காசநோய் இல்லை, கால் விழுந்துவிடாது, பிள்ளைகளோடு இருப்பாள்.

அந்த இரண்டு வார்த்தை மலையேறிப் போனபோது என்னவாக மாறியது என்று எனக்குக் கொஞ்ச நாள் கழித்துத்தான் தெரிந்தது. நம் தொழிலில் "ஒன்றும் இல்லை" என்றால் பயப்பட ஒன்றும் இல்லை என்று பொருள். அந்த ஊரில் அதற்கு ஒரே பொருள்தான்: நோவு இல்லை. நோவு இல்லை என்றால் அவள் சொன்னதெல்லாம் பொய்.

அவள் ஊருக்குத் தடுப்பூசி வேலையாகப் போனபோது அவள் வீட்டில் போய் உட்கார்ந்துகொண்டேன். பெரிய டாக்டர் சொன்னபடி சும்மா பார்த்துக்கொண்டிருந்தேன். காசியம்மா முட்டி போட்டுக்கொண்டு வாசல் பெருக்கினாள். உரலில் சாமை குத்தும்போது ஒரு காலைக் கல்மேல் தூக்கி வைத்துக்கொண்டாள். உச்சி வெயிலில் ஒரு சின்னக் குடத்தை எடுத்துக்கொண்டு ஊற்றுக்கு இறங்கினாள். நானும் பின்னாலேயே போனேன். ஊற்றில் ஈ காக்கை இல்லை. மற்ற பெண்கள் காலையிலேயே வந்து போய்விடுவார்களாம். தண்ணீர் மொண்டு, மேடேறி, ஊற்றிவிட்டு, மறுபடியும் இறங்கினாள். மறுபடியும். மறுபடியும். வெறுங்கையோடு போய் வந்த எனக்கே மூச்சு வாங்கியது.

மாமியார் குப்பம்மா கூடையில் புளி உடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எலும்பும் தோலுமான உடம்பு, வெட்டுகிற பேச்சு. "பாத்துக்கோங்க டாக்டரம்மா. பெரிய குடம் வூட்டுல கவுத்து வெச்சுக் கீது. இவ சொம்பு மாதிரி ஒண்ண எடுத்துக்கினு போறா. பத்துத் தரம் போய்ட்டு வர்றா. எதுக்கு? ஊர்க்கதை பேசத்தான். இதுல இடுப்பு நோவாம். படம் புடிச்சே பாத்தாச்சு, ஒண்ணும் இல்லியாம்."

மாமியார் மருமகள் சண்டையில் டாக்டர் வாயைக் கொடுப்பது புத்திசாலித்தனமில்லை என்று நினைத்துக்கொண்டு கிளம்பி வந்துவிட்டேன்.

ஒரு நாள் காலையில் வேடியப்பன் மட்டும் தனியாக வந்து வாசலில் நின்றான். துண்டைக் கையில் பிடித்து முறுக்கிக்கொண்டே இருந்தான்.

"ஊர்ல பஞ்சாயத்து வெச்சிட்டாங்க டாக்டரம்மா. எங்கம்மா பிராது குடுத்திடுச்சு. வேலை செய்ய முடியாதவள அவ அப்பன் வூட்டுக்கே அனுப்பிடணுமாம்."

"நீ என்ன சொல்றே?"

"எனக்கு அவள அனுப்ப மனசு இல்லீங்க. ஆனா ஊரு பேச்சுக்கு மேல நான் இன்னா பேசறது? நீங்க ஒரு தரம் வந்து சொல்லுங்க. நோவு நெசம்தான்னு சொல்லிட்டா ஊரு விட்டுடும்."

"பிள்ளைங்க?"

"புள்ளைங்க எங்க வூட்டுலதான் இருக்கும். அதான எங்க வழக்கம்." சொல்லும்போதே அவன் குரல் உடைந்துவிட்டது.

அந்த ஊர் முறைப்படி பெண்ணை அனுப்பினால் பிள்ளைகள் தகப்பன் பக்கம். இடுப்பை விட்டு இறங்காத குழந்தையும்தான். பெரிய டாக்டரைக் கேட்க நேரமில்லை. அவனோடேயே நடந்து போனேன்.

அம்மன் கோயிலுக்கு முன்னால் ஊர் கூடியிருந்தது. ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். காசியம்மா குழந்தையோடு நடுவில் நின்றாள். உட்கார்ந்து எழுந்தால் நோகும் என்பதால் நின்றாள் என்று எனக்குத் தெரிந்தது. திமிராக நிற்கிறாள் என்று இரண்டு பேர் பேசிக்கொண்டதும் காதில் விழுந்தது.

பஞ்சாயத்தை நடத்துகிற ஊர்க்கவுண்டர் நல்ல மனுஷர். எனக்கு உட்காரப் பலகை போடச் சொன்னார். "டாக்டரம்மா, நீங்க படிச்சவங்க. நீங்க சொன்னா ஊரு கேக்கும். ஆனா வாயால சொன்னாப் பத்தாது. ஏற்கெனவே ஒரு டாக்டர் ஒண்ணும் இல்லன்னாரு. நீங்க கீதுன்னா, சூடம் அடிச்சுச் சொல்லிடுங்க. அதோட முடிஞ்சுடும்."

கோயில் படியில் சூடம் ஏற்றினார்கள். எரிகிற சூடத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்து, இது சத்தியம் என்று சொல்ல வேண்டும். அதற்கு மேல் அந்த ஊரில் பேச்சு கிடையாது.

நான் எழுந்தேன். காசியம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். சூடத்தின் மேல் ஒரே ஓர் அடி, அவள் பிள்ளைகளோடு வீட்டுக்குப் போய்விடலாம். அவள் சொல்வதை நான் நம்பினேன், அதில் சந்தேகமே இல்லை. கையை நீட்டக்கூட நீட்டிவிட்டேன்.

நீட்டிய கையை ஏன் இழுத்துக்கொண்டேன் என்பதைத்தான் உங்களுக்குச் சொல்ல ஆசைப்படுகிறேன். அந்த மலையில் வலியோடு வாழ்கிற பெண்கள் எத்தனையோ பேர். இன்றைக்கு இவளுக்கு நான் சூடம் அடித்தால், நாளைக்கு இன்னொருத்தி நடுவில் நிற்கும்போதும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். டாக்டரம்மா அடிச்சா நெசம், அடிக்காட்டா பொய் என்று ஆகிவிடும். எக்ஸ்ரே படம் செய்த வேலையை அப்புறம் நான் செய்துகொண்டிருப்பேன். வலிக்கு டாக்டர் நீதிபதியாகிவிட்டால் அதற்குப் பிறகு வருகிற ஒவ்வொரு நோயாளியும் குற்றவாளிக் கூண்டில்தான் நிற்க வேண்டும். இதெல்லாம் அந்த நொடியில் இவ்வளவு ஒழுங்காக எனக்குத் தோன்றவில்லை. கூடாது என்று மட்டும் பட்டது.

"நான் சூடம் அடிக்க மாட்டேன்" என்றேன்.

கூட்டத்தில் ஒரு சலசலப்பு. காசியம்மா குழந்தையை இறுக்கிப் பிடித்தபடி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். போய் அவள் பக்கத்தில் நின்றுகொண்டேன். அங்கிருந்தே பேசினேன்.

"இவ நோவு எனக்குத் தெரியாதுங்க. இங்க இருக்கிற யாருக்கும் தெரியாது. படத்துக்கும் தெரியாது. படம் எலும்பைத்தான் காட்டும், எலும்பு உடையலன்னு சொல்லும். நோவு இவ ஒருத்திக்குத்தான் தெரியும். அதுக்கு நான் எப்படிச் சத்தியம் பண்றது? ஆனா கண்ணால பாத்ததைச் சொல்றேன், கேட்டுட்டு நீங்களே முடிவு பண்ணுங்க. இவ சின்னக் குடத்துல தண்ணி எடுக்கறா. அந்த மேட்டைப் பத்துத் தரம் ஏறி இறங்கறா. வேலைக்குச் சோம்பல்படறவ என்ன பண்ணுவா? பெரிய குடத்துல ஒரே நடையா கொண்டாந்து வெச்சிட்டுக் காலை நீட்டிக்குவா. பொய் சொல்றவ வேலையைக் குறைச்சுக்குவா. இவ கூட்டிக்கிட்டிருக்கா."

"அது கதை பேசறதுக்கும்மா" என்றார் ஒருவர்.

"யார்கிட்ட பேசறா? இவ உச்சி வெயில்ல போறா. ஊத்துல யாருமே இல்ல, நான் பாத்தேன்." பெண்கள் பக்கம் திரும்பினேன். "உங்கள்ல யாராவது இவகிட்ட ஊத்துல கதை பேசியிருக்கீங்களா? இருந்தா சொல்லுங்க."

ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். சின்னக் குடத்தோடு போவதை யாரும் பார்க்கக் கூடாதென்றுதான் அவள் அந்த நேரத்தைத் தேர்ந்தெடுத்திருக்கிறாள் என்பது அவர்களுக்கு என்னைவிட நன்றாகவே விளங்கியிருக்கும்.

ஊர்க்கவுண்டர் மீசையைத் தடவிக்கொண்டே இருந்தார். "நீங்க சொல்றது நாயமாத்தான் கீது. ஆனா சத்தியம் இல்லாம ஊரு எப்படி முடிக்கும்? சூடம் ஏத்திட்டோமே. யாராச்சும் ஒருத்தர் அடிச்சாவணும்."

சூடம் பாதிக்கு மேல் கரைந்துவிட்டது. வேற்றூரிலிருந்து வாழ வந்த பெண்ணுக்காகக் கையைச் சுட்டுக்கொள்ள யார் வருவார்கள்? அப்போது பெண்கள் பக்கத்திலிருந்து குப்பம்மா எழுந்தாள். மருமகளுக்கு எதிராக அடிக்கத்தான் வருகிறாள் என்று நினைத்தேன். வேடியப்பன் "எம்மா, வோணாம்மா" என்று குறுக்கே போனான். அவனைத் தள்ளிவிட்டு நேராகப் படிக்குப் போய் எரிகிற சூடத்தின் மேல் கையை அறைந்தாள்.

"இவ பொய் சொல்லல" என்றாள்.

ஊர்க்கவுண்டருக்கே ஒன்றும் புரியவில்லை. "இன்னா குப்பம்மா இது? பிராது குடுத்ததே நீதானே?"

"ஆமா, நாந்தான் குடுத்தேன். நானும் சின்னக் குடந்தான் எடுத்துட்டுப் போவேன். எம் மாமியா பாக்காத நேரமாப் பாத்து. இவன் பொறந்ததுலருந்து எனக்கு இடுப்பு நோவு. இன்னிக்கும் நோவுது. சூடு போட்ட தழும்பு என் இடுப்புலயும் கீது. வூட்டுல ஒருத்தர்கிட்டயும் சொன்னதில்ல. பல்லக் கடிச்சினு செஞ்சேன். இவ வந்தா, நோவுதுன்னு வாய விட்டுச் சொன்னா. புருசன் உடனே பஸ்ஸுல கூட்டினு போறான், படம் புடிக்கறான். எனக்கு யாரு புடிச்சாங்க?" கருகிய உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டே நின்றாள். "அந்தக் கோவம்தான். வேற ஒண்ணும் இல்ல."

பஞ்சாயத்து அதோடு கலைந்தது. தீர்ப்பு என்று யாரும் தனியாகச் சொல்லவில்லை. காசியம்மா எழுந்திருக்க நான் கை கொடுத்தேன், வேடியப்பன் குழந்தையை வாங்கிக்கொண்டான்.

அடுத்த முறை பெரிய டாக்டர் மலைக்கு வந்தபோது ஒன்று விடாமல் சொன்னேன். திட்டு விழும் என்று எதிர்பார்த்தேன். "நீ சூடம் அடிக்காதது சரி" என்றார். "ஆனா அந்தப் பொண்ணு தரையில உக்காந்தாளே, அப்போ நீ எங்க நின்னே?" அவள் பக்கத்தில் நின்றேன் என்றேன். "நெஜமா?" என்றார். நிஜமாகத்தான் என்றேன். அவர் எழுந்து போய்த் தன் கையாலேயே எனக்கு டீ வாங்கி வந்தார். அவரிடம் பாராட்டு வாங்கிய ஒரே சந்தர்ப்பம் அதுதான். டீயில் சர்க்கரை போட மறந்திருந்தார்கள், அதையும் நான் சொல்லவில்லை.

வைத்தியம் என்று நாங்கள் செய்ததைக் கேட்டால் உங்களுக்குச் சப்பென்று இருக்கும். தண்ணீர் எடுப்பதை வேடியப்பன் ஏற்றுக்கொண்டான். காவடித் தடியில் இரண்டு குடம் கட்டித் தோளில் தூக்கினான். ஆம்பளை தண்ணிக்குப் போறான் என்று ஊரே கேலி செய்தது. அவன் அசரவில்லை. அடுப்பை மேடாக்கிப் போட்டார்கள். முதுகுக்குச் சில பயிற்சி சொல்லிக் கொடுத்தேன். மாத்திரை, ரொம்ப முடியாத நாளைக்கு மட்டும். சூடு போடுவதை நிறுத்தினாள். வலி முழுசாகப் போகவில்லை. சில மாதம் நன்றாக இருப்பாள், மழைக் காலத்தில் மறுபடி வருவாள். வந்தால் முகம் சுளிக்காமல் உட்கார வைத்துக் கேட்பேன். நாட்பட்ட வலிக்கு ஆரம்ப சுகாதார நிலையத்தில் பாதி வைத்தியம் நாம் சலித்துக்கொள்ளாமல் இருப்பதுதான். இதை எந்தப் பரீட்சையிலும் கேட்கமாட்டார்கள்.

இந்த வைத்தியத்துக்கெல்லாம் முன்னால், பஞ்சாயத்துக்கு அடுத்த சந்தை நாளில் நடந்த ஒன்றைச் சொல்லி முடிக்கிறேன். கூட்டமெல்லாம் போகட்டும் என்று குப்பம்மா கடைசிவரை வெளியே உட்கார்ந்திருந்தாள். கூடக் காசியம்மா. உள்ளங்கையில் கொப்புளம் உடைந்திருந்தது. கழுவி மருந்து போட்டுக் கட்டினேன். கட்டி முடிந்தும் அவள் எழுந்திருக்கவில்லை.

"நேத்து இன்னா வேலை செஞ்சீங்க?" என்று கேட்டேன்.

அவள் என்னை விசித்திரமாகப் பார்த்தாள். பிறகு சொல்ல ஆரம்பித்தாள். எப்படி எழுந்தாள், எந்தப் பக்கம் ஒருக்களித்துக் கையூன்றினாள், எதைத் தூக்கினாள், எதைத் தூக்காமல் விட்டாள், அதை யாருக்கும் தெரியாமல் எப்படி மறைத்தாள். நேற்றில் தொடங்கியவள் கல்யாணமாகி வந்த புதிது வரைக்கும் போய்விட்டாள். நான் இடையில் ஒன்றும் கேட்கவில்லை. காசியம்மா வாயைப் பிளந்துகொண்டு மாமியாரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு படுக்க வைத்து முதுகையும் கால்களையும் சோதித்தேன். பயப்படும்படியாக எதுவும் தென்படவில்லை. அதைச் சொல்ல வாயெடுத்தவள் நிறுத்திக்கொண்டேன்.

"உங்களுக்கு நோவு இருக்குது. நெறைய வருஷமா இருக்குது" என்றேன். "ஆபத்தான நோவு இல்ல. நாம பாத்துக்கலாம்."

குப்பம்மா எழுந்து உட்கார்ந்து சேலையைச் சரி செய்துகொண்டாள். அந்த வெட்டுகிற பேச்சு எங்கே போனதென்று தெரியவில்லை.

"எனக்குப் படம் புடிக்கலியா?"

"வேணாம்மா."

"படம் புடிக்காமலே நம்பறியா?"

"நம்பறேன்."

அவள் அழுதாள். காசியம்மா பக்கத்தில் போய் மாமியாரின் இடுப்பில் கையை வைத்து, எந்த இடம் என்று கேட்காமலே நீவிவிட ஆரம்பித்தாள்.